வாணலியும் வாயிற்சாவியும்



இம்மலரில் ஆண்டுதோறும் வரும் கட்டுரைகளை விரும்பிப் படிப்பவன் நான். சங்கத் தலைவியின் பிரிவாற்றாமையும், சோழர் கடற்படையின் பெருமையும் பேசப்படும் பக்கங்களுக்கிடையே அடுப்பு, ஹீட்டர், பிளக் என்று ஒருவன் எழுத வந்துவிட்டானே என எவரும் முகம் சுளிக்கவேண்டா. இலக்கியம் எழுதத் தகுதியுடையோர் நம் மன்றத்தில் பலர் உளர். தன் கையாலேயே ஒரு தீயை வளர்த்து, அதில் நம் மன்றத்துத் தம்பி ஒருவனின் வலக்கையைச் சுட்டவன் நான் ஒருவனே. ஆகவே இதை எழுதும் கடமையும் என்னுடையதே.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி 12 ஆம் நாள் இரவு. மறுநாள் போகி. நம் மன்றத்தின் பொங்கல் விழாவுக்கு 200 மெதுவடை எங்கள் அறையின் பொறுப்பு. முனிர்காவின் சந்துகளில் ஒன்றில் நான்காம் மாடியில் எங்கள் குடித்தனம். அறைத்தோழர் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தார். தம்பி மாவுப் பாத்திரத்துடன் அடுப்பின் இடப்புறம் நின்றான். நான் வாணலியில் எண்ணெயைக் காயவைத்துவிட்டு, அம்மா பேசுகிறாள் என்று கைப்பேசியுடன் மொட்டைமாடிப் படிக்கட்டுக்குப் போனேன். உள்ளே அலை கிடைக்காது. எண்ணெய்க்குளியல் எடுத்தாயா, கம்பளி போர்த்துகிறாயா என்ற வழக்கமான விசாரணை. ஐந்து நிமிடம் என்று நினைத்தேன்; பத்து ஆகியிருக்கும்.

“அண்ணே, தீ!” என்ற குரல் கேட்டு ஓடிவந்தேன். வாணலியின் வாயளவுக்கு ஒரு தீ, ஏறக்குறைய ஒரு முழ உயரம், அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. அமைதியாக என்று சொல்வதில் மிகையில்லை. அதை அப்படியே விட்டிருந்தாலும் அடுத்த ஒரு நிமிடத்திற்குப் பெரிய தீங்கு ஒன்றும் நேர்ந்திராது. நானோ வாளியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு அதன்மேல் ஊற்றினேன்.

வேதியியலில் முதுகலை படிப்பவன் நான். இதை மறைத்துப் பயனில்லை. எரியும் எண்ணெயில் நீர் விழுந்தால் என்னாகும் என்று தேர்வில் கேட்டால் படம் வரைந்து எழுதியிருப்பேன். நீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆதலால் அடியில் இறங்கும். எண்ணெயின் வெப்பம் 300 பாகைக்கு மேல். நீர் கொதிக்க 100 பாகையே போதும். இறங்கிய நீர் நொடியில் ஆவியாகும். ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு பருக்கும். பருக்கும் ஆவி தன்மேலுள்ள எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடித்துத் தூக்கி எறியும். எறியப்பட்ட ஒவ்வொரு துளியும் காற்றோடு கலந்து தனித்தனியே பற்றிக்கொள்ளும். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்த தலை வேறு, சொம்பைத் தூக்கிய கை வேறாக இருந்தது.

தீ கூரையைத் தொட்டது. சுவரில் மாட்டியிருந்த மளிகைக் கடைக் காலண்டர் எரிந்தது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கையைத் திருப்ப நேரமில்லை. முழங்கை முதல் விரல்வரை எண்ணெய் தெறித்தது. அப்போது உள்ளிருந்து வந்த அறைத்தோழர், வரலாறு படிப்பவர், வேதியியலில் ஒரு வரியும் அறியாதவர், சுவரோரமாகக் குனிந்து வந்து ரெகுலேட்டரைத் திருகினார். இட்லிக் கொப்பரையின் மூடியைக் கேடயம்போல் முன்னே பிடித்துக்கொண்டு போய், வாணலியின்மேல் சாய்த்து மூடினார். தீ நின்றது. “மூடியைத் தொடாதே, ஆறட்டும்” என்றார். எப்படித் தெரியும் என்று பின்னர் கேட்டேன். அவருடைய அம்மா தென்காசிப் பக்கத்தில் பலகாரக் கடை நடத்தியவராம். “எங்க கடையில மாசத்துக்கு ஒரு தடவ எண்ணெய் பத்தும். அம்மா தட்டை எடுத்துக் கவுத்திட்டு அடுத்த ஈட்டுக்கு மாவு உருட்டும்” என்றார். படிப்பு என் தலையிலும் பழக்கம் அவர் கையிலும் இருந்தன. தீ பற்றிய நொடியில் தலைக்கு வேலையே வரவில்லை.

இரண்டாவது பிழை உடனே தொடர்ந்தது. எவரோ பற்பசையைக் கொண்டுவந்து தம்பியின் கையில் அப்பினர். குளிர்ச்சியாயிருக்கும் என்பது நம்பிக்கை. ஊரில் மை ஊற்றுவார்கள், மாவைத் தூவுவார்கள், இங்கே பற்பசை. கையில் அந்த வெள்ளைப் பூச்சோடு அவனை அழைத்துக்கொண்டு நான்கு மாடி இறங்கினோம். வெளிக் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. இரவு 11 மணிக்கு மேல் கதவைப் பூட்டிவிடுவது வீட்டுக்காரரின் சட்டம். திருட்டுப் பயம் ஒரு காரணம். நம்மைப்போன்ற பையன்கள் இரவில் சுற்றக்கூடாது என்ற நல்லெண்ணமும் ஒரு காரணமாம். சாவி அவரிடம். அவர் வசிப்பது வேறு சந்தில். அவருடைய தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

25 நிமிடம் அந்தக் கதவுக்கு உட்புறம் நின்றோம். தம்பி அழவில்லை. “அண்ணே, நாளைக்கு வடைக்கு என்ன பண்றது?” என்று கேட்டான். இன்றும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் என் தொண்டை அடைக்கிறது. முடிவில் முதல் மாடியில் குடியிருந்த பீகார் மாணவர் ஒருவர் சுத்தியலால் பூட்டை உடைத்தார். மறுநாள் வீட்டுக்காரர் எங்களிடம் பூட்டுக்குப் பணம் கேட்டார். கொடுத்தோம்.

மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பற்பசையைக் கழுவி எடுக்கப் பட்ட பாட்டையும் தம்பி பட்ட வேதனையையும் நான் எழுதப்போவதில்லை. அவர் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் எழுதுகிறேன். “கதவு திறக்கக் காத்திருந்த நேரமெல்லாம் என்ன செய்தீர்கள்?” சுட்ட புண்ணைக் குழாய்த் தண்ணீரின் கீழ் 20 நிமிடம் பிடித்திருப்பதே முதல் மருந்து. பனிக்கட்டி ஆகாது, பசை ஆகாது, நெய் ஆகாது. ஓடும் சாதாரணத் தண்ணீர் போதும். எங்கள் குழாயில் தண்ணீர் இருந்தது, நேரமும் இருந்தது. இரண்டையும் கதவருகில் வீணாக்கினோம். தம்பியின் கை ஆறிவிட்டது, தழும்பு ஆறவில்லை. அந்தப் பருவத்தின் ஆய்வுக்கூடத் தேர்வை அவன் அடுத்த ஆண்டுதான் எழுதினான்.

இதைத் தனிமனிதன் ஒருவனின் மடமை என்று ஒதுக்கிவிடலாம். நானும் சில நாள் அப்படித்தான் எண்ணி என்னையே நொந்துகொண்டிருந்தேன். பின்னர் ஒரு நாள் பகலில் அதே படிக்கட்டில் இறங்கும்போது கண்ணைத் திறந்து பார்த்தேன். படிக்கட்டின் அடியில் எல்லாக் குடித்தனங்களின் மின்மீட்டர்களும் ஒரே பலகையில். அவற்றிலிருந்து தலைவிரிகோலமாய்க் கம்பிகள். அதன்கீழ் நெருக்கி நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் பெட்ரோல். நடுவே இரவு முழுவதும் மின்னூட்டம் பெறும் மின்ஸ்கூட்டர் ஒன்று. அவற்றைத் தாண்டினால்தான் வெளிக் கதவு. சன்னல்களுக்கெல்லாம் அசையாத இரும்புக் கம்பி. மொட்டைமாடிக்குப் பூட்டு, சாவி அதே வீட்டுக்காரரிடம். எங்கள் தீ நான்காம் மாடி வாணலியில் பற்றியது, எங்கள் நற்பேறு. மீட்டர்ப் பலகையில் பற்றியிருந்தால் அந்தப் படிக்கட்டு ஐந்து மாடிப் புகைபோக்கியாகியிருக்கும். நாங்கள் அதன் அறைகளில் அடைபட்டிருப்போம்.

இது கற்பனையன்று. 2023 ஜூன் 15 அன்று இதே டில்லியின் முகர்ஜி நகரில், பயிற்சி வகுப்புகள் நடந்த ஒரு கட்டடத்தின் மின்மீட்டரில் பற்றிய தீயின் புகை மேலே எழும்ப, மாணவர்கள் கயிறுகளைப் பற்றிக்கொண்டு சன்னல் வழியே இறங்கிய காட்சியை நாடே பார்த்தது. 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் அனாஜ் மண்டியில் 43 தொழிலாளர்கள் மாண்டார்கள். தொழிற்கூடமே அவர்களுக்கு வீடு. வேலை செய்த இடத்திலேயே படுத்து உறங்கியவர்கள். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகை. பிழைக்க ஊர்விட்டு வந்து, வாடகை குறைவு என்று கிடைத்த இடத்தில் தலைசாய்த்தவர்கள். நம்மிலிருந்து அவர்கள் எவ்வளவு தொலைவு? நமக்குப் படிப்பு இருக்கிறது என்ற வேறுபாட்டைப் புகை அறியாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, குருதியின் செந்நிறப் பொருளோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். உறங்குபவன் இருமிக்கூட எழமாட்டான். குளிருக்குக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் விடியலில் எழாமற்போன செய்தி வட இந்தியச் செய்தித்தாள்களில் குளிர்காலந்தோறும் வருகிறது. அங்கே தீவிபத்து என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

என் அப்பாயிக்கு கார்பன் மோனாக்சைடு தெரியாது. மாயவரத்துக்குக் கிழக்கே எங்கள் தெருவில் ஒரு காலத்தில் எல்லாம் கூரை வீடுகள். கோடை பிறந்தால் அப்பாயி படுக்குமுன் அடுப்பில் தண்ணீர் தெளித்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே பாயை விரிப்பாள். திண்ணையோரம் ஒரு குடம் நீர் எப்போதும் நிறைந்திருக்கும், குடிக்க அன்று. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அந்த வீட்டை விட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து அடுத்த வீட்டுக் கூரையைத் துறட்டி போட்டு இழுத்துப் பிரிப்பார்களாம். எரிபொருளை அகற்று என்று நம் பாடநூல் சொல்வதும் அதுவேயன்றோ? முதலில் மாட்டை அவிழ்த்துவிடு, பிறகு பிள்ளையைத் தூக்கு, பெட்டியைத் தொடாதே என்று ஒரு வரிசைகூட உண்டு. மாட்டுக்கு முதலிடம் ஏன் என்று சிறுவயதில் கேட்டேன். “புள்ள கத்தும், நாலு பேரு தூக்குவான். மாட்ட யாருடா அவுப்பான்?” என்றாள். அவள் வாதம் எனக்கு இன்றும் முழுமையாக விளங்கவில்லை. ஆனால் தெரு முழுவதற்கும் ஒரு வரிசை தெரிந்திருந்தது என்பதே என் வியப்பு.

அந்த ஊர்ப்பக்கமும் குற்றமற்றதன்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்திலிருந்து கூரைக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அப்போது நான் கைக்குழந்தை. எங்கள் வீட்டில் இன்றும் அந்த நாளைப் பற்றிப் பேச்செழுந்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

கூரை வீட்டைவிட்டுக் காரை வீட்டுக்கு வந்தோம். அத்துடன் பயமும் போயிற்று, பழக்கமும் போயிற்று. சிமெண்டு எரியாது என்று நினைக்கிறோம். எரியாத சுவருக்குள் எரியக்கூடிய மெத்தை, திரை, புத்தகம், நைலான் சட்டை அனைத்தையும் நாமே கொண்டுவந்து நிரப்பியிருக்கிறோம்.

குளிர்காலத்துக்கு வருகிறேன். டில்லியில் ஜனவரி இரவுகளில் வெப்பம் 4, 5 பாகைக்கு இறங்கும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவன் முதலில் வாங்குவது 2,000 வாட் ஹீட்டர். அதன் பிளக் பருத்த கால்களுடையது. 16 ஆம்பியர் துளைக்கு உரியது. நம் அறைகளிலோ பெரும்பாலும் 6 ஆம்பியர்ச் சிறு துளைகளே. என்செய்வது? தெருமுனையில் முப்பதோ நாற்பதோ ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் பிளக் கிடைக்கிறது. பருத்த காலைச் சிறு துளையில் புகுத்திவிடலாம். கணக்கைப் பாருங்கள். 2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 6 ஆம்பியருக்கு உண்டான துளையில் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம். துளை தளர்ந்திருந்தால் இன்னும் கேடு. அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே 38 வாட். நம் ஆய்வுக்கூடத்தில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலுக்கு அவ்வளவு போதும். அத்தகைய சூட்டுக்கோல் ஒன்றைச் சுவருக்குள் செருகி, அருகில் போர்வையையும் தொங்கவிட்டு உறங்குகிறோம். அதே நீட்டிப்புப் பெட்டியில் வெந்நீருக்கு 1,500 வாட் ராடையும் சேர்த்துச் செருகும் வீரர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவனாயிருந்தேன். மொத்தம் 15 ஆம்பியர்.

“எம்.சி.பி. இருக்கிறதே, அது விழுந்துவிடாதா?” என்பர். மீட்டரருகே இருப்பது 32 ஆம்பியருக்கு உரியதாயின், 15 ஆம்பியரில் அது ஏன் விழும்? அது காப்பது அதற்குத் தகுந்த தடித்த கம்பியை. உங்கள் அறைச் சுவருக்குள் ஓடும் மெல்லிய கம்பியின் வேதனை அதற்குத் தெரியாது. துளைப்பலகை பழுப்பேறினாலோ, தொட்டால் சுட்டாலோ, மீன் கவிச்சி போன்ற நாற்றம் வந்தாலோ அது எச்சரிக்கை. சூடேறிய பிளாஸ்டிக்கின் நாற்றம் அது. பக்கத்து அறை வங்காள நண்பர் மீன் சமைக்கிறார் என்றே நாங்கள் இரண்டு வாரம் எண்ணியிருந்தோம். அவர் ஊருக்குப் போயிருந்தார் என்று பின்னரே தெரிந்தது!

எரிவாயுவைப் பற்றி மிக விரித்துச் சொல்லவேண்டியதில்லை. ஓரளவு எல்லாரும் அறிந்ததே. ஒன்றுமட்டும் சொல்வேன். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும், கட்டிலுக்கடியில் தேங்கும். நாற்றம் வந்தால் விளக்கைப் போட்டுப் பார்ப்பதும் மின்விசிறியைச் சுழலவிடுவதும் நம் இயல்பான செயல்கள். இரண்டும் பொறி எழுப்பக்கூடியவை. சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு சன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே போய் 1906 என்ற எண்ணுக்குப் பேசவேண்டும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஆங்கில எழுத்து ஒன்றும் ஆண்டின் ஈரெண்ணும் பொறித்திருப்பார்கள். ஏ முதல் டி வரை ஆண்டின் நான்கு காற்பகுதிகள். மறுசோதனைக்கு உரிய காலம் அது. எங்கள் அறையில் இதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை, நான் உட்பட. சந்துகளில் கள்ளத்தனமாக நிரப்பித் தரும் சிறு சிலிண்டர்களில் வாசிக்க ஒன்றும் இராது. அவற்றை வாங்குபவர் மேல் எனக்குக் கோபமில்லை. முகவரிச் சான்று இல்லாத மாணவன் எங்கே போவான்? எனினும் 5 கிலோச் சிலிண்டரை எண்ணெய் நிறுவன முகவர்களிடம் ஓர் அடையாளச் சான்றோடு முறைப்படியே வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் நம் மன்றத்தின் செயற்குழுவில் சொன்னேன். “இது வீட்டுக்காரர்களின் பொறுப்பு, மாநகராட்சியின் பொறுப்பு, தமிழ் மன்றம் தமிழுக்காக இருக்கிறது” என்று மூத்த நண்பர் ஒருவர் மறுத்தார். அவர் சொன்னதில் முதற்பாதி உண்மையே. ஒரே படிக்கட்டு வைத்துக் கட்டியவரும், கட்டவிட்டவரும், மொட்டைமாடியைப் பூட்டுபவரும் குற்றவாளிகள். அதைச் சொல்லத் தயங்கக்கூடாது. ஆனால் வீட்டுக்காரர் திருந்தும்வரை உறங்காமல் இருக்க நம்மால் முடியுமா? பிற்பாதியை நான் ஏற்கவில்லை. இதில் தமிழுக்கு இடமுண்டு, எப்படியென்று சொல்கிறேன்.

அன்றிரவு தம்பிதான் முதலில் அவசர உதவிக்குத் தொலைபேசியில் பேசினான். ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம். மறுமுனையில் இந்தியில் வினவினார்கள். எங்கள் சந்துக்குப் பெயரில்லை. வீட்டு எண் பூசிய சுண்ணாம்பில் மறைந்துவிட்டது. பால் நிலையத்துக்குப் பின்னால், தையற்காரர் கடைக்கு எதிர்ச் சந்து என்று தமிழில் தெரிந்ததை இந்தியில் சொல்லத் தெரியாமல் அவன் “பையா, பையா” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். இந்தி வேண்டும், வேண்டாம் என்ற வழக்கைப் பட்டிமன்றத்துக்கு வைத்துக்கொள்வோம். 101, 112 என்ற எண்களில் பேசச் சொல்லவேண்டிய மூன்று வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்ட எந்தக் கொள்கையும் தடையன்று. “ஆக் லக் கயீ ஹை” என்பது முதல் வாக்கியம். இரண்டாவது, அறைக்கு வரும் வழி, எல்லாரும் அறிந்த அடையாளத்தோடு. மூன்றாவது, வண்டி எதுவரை வரும், எங்கே ஆள் நிற்பார் என்பது. ஏனெனில் தீயணைப்பு வண்டி நம் சந்துகளில் நுழையாது. முதன்மைத் தெருவில் ஒருவன் போய் நின்று கைகாட்டவேண்டும். இதை வீட்டுக்காரர் எழுதித் தருவாரா? மாநகராட்சி எழுதித் தருமா? புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் எழுதித்தர இந்த ஊரில் நம் மன்றத்தை விட்டால் யார்?

“சுற்றறிக்கை ஒன்று அனுப்பிவிடலாமே” என்றும் கூறினர். நான் படித்த வேதியியலைவிடச் சுற்றறிக்கை எதைக் கற்பித்துவிடும்? கை பழகவேண்டும். மூடியை எடுத்து வாணலியைக் கவிழ்த்து மூடுவதைத் தீயில்லாமலே பத்து முறை செய்யவேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு, தவழ்ந்து, சுவரைத் தடவி, கட்டிலிலிருந்து கதவுவரை ஒரு முறை போய்ப் பார்க்கவேண்டும். புகை மேலே நிற்கும். மூச்சு விடக்கூடிய காற்று தரையோரம்தான். நான் செய்து பார்த்தேன். என் சொந்த அறையில், எட்டடித் தூரத்தில், அறைத்தோழரின் பெட்டியில் மோதி நின்றேன். அந்தப் பெட்டி அன்றே இடம் மாறியது.

நாள் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பருத்திப் பொதிகளும் வெடிமருந்தும் ஏற்றிவந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்ட அந்நிகழ்ச்சியில், தீயணைக்கச் சென்ற 66 வீரர்களும் மடிந்தனர். அவர்கள் நினைவாக நாடெங்கும் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாகவும், அன்று தொடங்கும் வாரம் தீத்தடுப்பு வாரமாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. நமக்கோ அந்த நாள் பெரும்பாலும் சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடியும் வேப்பம்பூவும் வைத்து, பஞ்சாங்கம் படித்து, வரும் ஆண்டு எப்படி என்று கேட்கிறோம். அதே நாளில் அறை அறையாகப் போய்ப் பிளக்கையும் டியூபையும் பார்த்துவிட்டு வந்தால் பஞ்சாங்கத்துக்கும் கொஞ்சம் உதவியாயிருக்கும்.

செலவு அதிகமில்லை. ரெகுலேட்டர் டியூப் ஐந்தாண்டு கடந்திருந்தால் மாற்றவேண்டும். சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். மாடிக்கு ஒன்றாக இரண்டு கிலோப் பொடி அணைப்பானை நான்கு அறைகள் சேர்ந்து வாங்கலாம். மின்கலத்தில் ஓடும் புகையுணர் மணி ஒன்று உறங்கும் அறைக்கூரையில் இருக்கட்டும். கடந்த பொங்கல் விழாவில் மேடை அலங்காரத்துக்கு நாம் செலவிட்டதில் பத்து அறைக்கு மணி வாங்கியிருக்கலாம் என்று நான் கணக்கிட்டுப் பொருளாளரிடம் திட்டு வாங்கினேன். பழுப்பேறிய துளைப்பலகையை மாற்ற மின்பணியாளர் ஒருவரை மன்றமே ஒரு நாள் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம்.

மிகக் கடினமானது சாவி. வெளிக் கதவுக்கும் மொட்டைமாடிக்கும் மாற்றுச்சாவி ஒவ்வொரு மாடியிலும் ஓர் ஆணியில் தொங்கவேண்டும். எங்கள் வீட்டுக்காரரிடம் இதற்காக ஏழு முறை போனேன். திருடன் எடுத்துக்கொள்வான் என்றார். பையன்கள் சினிமாவுக்குப் போவார்கள் என்றார். முன்பிருந்தவர்கள் எவரும் கேட்டதில்லை என்றார். எட்டாம் முறை நான் தனியே போகவில்லை. பூட்டை உடைத்த பீகார் நண்பரும், மீன் சமைக்காத வங்காள நண்பரும், இரண்டாம் மாடி மணிப்பூர்ச் சகோதரிகளும், கைத்தழும்போடு தம்பியும் வந்தார்கள். அவர் தழும்பை வெகுநேரம் பார்த்தார். உள்ளே போய் ஒரு சாவியைக் கொண்டுவந்து, நகலுக்கு ஆகும் காசை நீங்களே கொடுக்கவேண்டும் என்றார்.

இப்போது மாடிக்கொன்றாக நான்கு சாவிகள் தொங்குகின்றன. மொட்டைமாடிச் சாவி இன்னும் வரவில்லை. ஒன்பதாம் முறை போகவேண்டும். சித்திரை முதல் நாள் காலை 9 மணிக்கு என் அறையில் கூடுவோம். முதலில் என் பிளக்குகளையே பாருங்கள். வடையும் உண்டு, அடுப்பருகில் நிற்கப்போவது நானல்லன், தம்பி. வாணலியின் மூடியை அவன் கைக்கெட்டும் ஆணியில் அவனே மாட்டி வைத்திருக்கிறான்.